கொவென்றியிற் பார்த்த கார்

கார் வைத்திருக்கும் வழக்கம் எமது வீட்டில் என்றும் இருந்ததில்லை. தகப்பனார் றலி துவிச்சக்கர வண்டியிலே பாடசாலைக்குப் போய் வந்தார். நாமும் இருபது ஆண்டுகளாக அவ்வாறே கல்லூரிக்குப் போய் வருகின்றோம். ஆதலின், சென்ற சித்திரை விடுமுறையில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட எம்மிடம், "தம்பி, அவன் ஏதோ பெரிய கார் ஒன்று வாங்கப் போறானாம். அத்தான் இருந்திருந்தால் அவர் பார்த்துச் சொல்லியிருப்பார். இப்ப நீதான் போய்ப் பார்க்க வேணும்" என்று அக்கா சொன்னபோது, நகைப்பதா அஞ்சுவதா என்று எமக்குத் தெரியவில்லை.

மருமகனுக்கு வயது 27. பேர்மிங்ஹாமிலே ஒரு கணக்காய்வு அலுவலகத்திற் பணி. வருகின்ற தை மாதத்தில் விவாகம். வீடு வாங்குவதற்கு முற்பணமாக ஐந்து ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, கூரையை மடக்கித் திறக்கக்கூடிய ஜகுவார் எக்ஸ்.கே.8 கார் ஒன்றை வாங்க அவன் எண்ணியிருந்தான். கார் 2001 ஆம் ஆண்டிற் பதிவானது. சொன்ன விலையோ புதிய சிறு கார் ஒன்றின் விலையிற் பாதிக்கும் குறைவு. "மாமா, இது புதிதாக வந்த காலத்திலே இதன் விலைக்கு இங்கே ஒரு சிறிய வீடே வாங்கியிருக்கலாம். இப்போது எவ்வளவு மலிவு என்று பாருங்கோ!" என்றான். அந்த 'மலிவு' என்னும் சொல்லே அன்று முழுவதும் எமது மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது.

கார் இருந்த இடம் கொவென்றி. பேர்மிங்ஹாமிலிருந்து புகையிரதத்தில் அரை மணி நேரப் பயணமும் இல்லை. நிலையத்திலிருந்து நகரை நோக்கி நடக்கும் வழியில், கிறேபிறயர்ஸ் கிறீன் என்னும் புற்றரையில் ஒரு கற்றூண் நிற்கின்றது. அது துவிச்சக்கர வண்டித் தொழிலின் தந்தை எனப்படும் ஜேம்ஸ் ஸ்ராலியின் நினைவுச் சின்னம். அவருடைய மருகர் ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பவரே 1885 ஆம் ஆண்டில், இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாய், பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் 'றோவர்' வண்டியை இந்நகரிற் செய்து வெளியிட்டவர். இன்று யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் அதன் வழித்தோன்றலே. மாமனும் மருமகனும் சேர்ந்து நல்ல வண்டியை உண்டாக்கிய ஊர் என்று நாம் சொன்னோம். மருமகன் புன்னகைத்தான், அவன் கண் கைப்பேசியிலிருந்த வரைபடத்தை விட்டு அகலவில்லை.

நேரம் இருந்தமையால் தேவாலயத்தையும் பார்த்தோம். 1940 நவம்பர் 14 ஆம் தேதி இரவில் ஜேர்மானிய விமானங்கள் குண்டு வீசி எரித்த பழைய தேவாலயத்தின் சுவர்களை இடித்துத் தள்ளாமல், அருகிலேயே பசில் ஸ்பென்ஸ் என்பார் புதிய ஆலயத்தை எழுப்பினார். 1962 ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு அவ்விடத்தில் அதிக விளக்கம் தேவைப்படவில்லை.

போக்குவரத்து நூதனசாலையில், 1997 இல் நிலத்தின்மேல் ஒலியின் வேகத்தைக் கடந்த 'திறஸ்ற் எஸ்.எஸ்.சி.' என்னும் வாகனத்தைச் சுற்றிச் சிறுவர் கூட்டம் நின்றது. எமது மனமோ வேறொரு மனிதரின் கதையிலே சென்று தங்கிற்று.

வில்லியம் லையன்ஸ் 1901 இல் பிளாக்பூலிற் பிறந்தவர். பொறியியலாளர் அல்லர், கண்ணால் அழகை அளந்தறியும் மனிதர். 1922 இல் ஒரு கூட்டாளியுடன் மோட்டார்ச் சைக்கிளுக்குப் பக்கவண்டி செய்யத் தொடங்கினார். பின்னர் சாதாரண ஒஸ்ரின் செவன் காரின் அடிச்சட்டத்தில் தாம் வரைந்த அழகிய மேற்கூட்டைப் பொருத்தி விற்றார். 1928 இல் தொழிலைக் கொவென்றிக்கு மாற்றினார். 1931 இல் அவர் வெளியிட்ட 'எஸ்.எஸ்.1' என்னும் இரு கதவுக் கூப்பேயின் விலை 310 பவுண். பார்த்தவர்களோ அதனை ஆயிரம் பவுண் கார் என்று மதித்தார்களாம். ஜகுவார் என்னும் பெயர் 1935 இல் வந்தது. 'எஸ்.எஸ்.' என்ற எழுத்துக்கள் ஹிட்லருடைய படையை நினைவூட்டியமையால், 1945 இல் கம்பனியே அப்பெயரை விட்டு ஜகுவார் ஆயிற்று. 1948 இல் எக்ஸ்.கே.120, 1961 இல் ஈ-ரைப் என்று, அழகிய கார்களை அக்காலத்து ஏனைய சீமான்களின் கார்களிலும் குறைந்த விலைக்கு அவர் கொடுத்துக்கொண்டே வந்தார்.

அந்த ஈ-ரைப்பைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 1961 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் அதனை ஓட்டிப் பார்க்க வந்தோர் தொகை மிகுந்துவிட, இன்னொரு காரை உடனே அனுப்பும்படி லையன்ஸ் பணித்தார். பரிசோதனைச் சாரதி நோமன் டூயிஸ், 77 ஆர்.டபிள்யூ. என்னும் இலக்கத் தகடு கொண்ட திறந்த காரை எடுத்துக்கொண்டு, கொவென்றியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிச் சென்று மறுநாட் காலையில் ஜெனீவாவிற் சேர்ந்தார். கார் வழியில் நிற்கவில்லை. மருமகன் இக்கதையை எம்மிலும் நன்றாக அறிந்திருந்தான். ஓட்டியவர் அக்காரின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்த பரிசோதனைச் சாரதி என்பதை மட்டும் அவன் சொல்லாமல் விட்டான்.

நகரின் மேற்குப் புறத்தே, அல்லஸ்லிப் பகுதியில், பிறவுண்ஸ் லேன் என்னும் தெரு உள்ளது. யுத்தகாலத்திலே டெயிம்லர் கம்பனி நடத்திய தொழிற்சாலைக்கு 1951-52 இல் ஜகுவார் குடிபுகுந்தது. ஈ-ரைப் அங்கேதான் பிறந்தது. 1996 இல் வெளிவந்த எக்ஸ்.கே.8 உம் அங்கேதான் பொருத்தப்பட்டது. 2005 இல் அங்கு கார் செய்வது நின்றது. இப்போது வீடுகளும் பண்டகசாலைகளும் அந்நிலத்தை நிரப்பியுள்ளன. கம்பனியும் 1989 இல் போர்ட் வசமாகி, 2008 இல் இந்தியாவின் ராட்டா நிறுவனத்தின் கைக்குச் சென்றது. தொழிற்சாலையைத் தேடி வருவோன் அங்கு காண்பது பார்சல் வண்டிகளையே.

காருக்கு உரியவர் அதற்கு அண்மையிலேயே வசித்தார். எழுபது வயது கடந்த ஆங்கிலேயர். பிறவுண்ஸ் லேனில் ஆசனங்களுக்குத் தோல் போர்த்தும் பகுதியில் வேலை செய்தவராம். தாம் போர்த்திய ஆசனத்தில் அமர்ந்து செல்லும் வசதி அந்நாளில் அவருக்கு இருக்கவில்லை. விலை விழுந்த பின்னர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதனை வாங்கினார். முழங்கால் வலியினால் தாழ்ந்த காரில் ஏறி இறங்க முடியாமையாலேயே விற்கின்றார். கராச்சின் கதவைத் திறந்தபோது, கடும் பச்சை நிறத்தில், நீண்ட மூக்கோடு அது நின்றது. அழகிய பொருள் என்பதில் எமக்கும் ஐயமில்லை. மருமகன் பேச்சற்று நின்றான்.

அவரோ காரைக் காட்டுமுன் ஒரு தடித்த கோப்பை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். ஒன்பது ஆண்டுக் கணக்கும் அதிலே இருந்தது.

இந்த இனத்துக் காரை வாங்குவோர் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அன்று அவரிடமே நாம் பாடங் கேட்டோம். முதலாவது, இயந்திரத்தின் உட்பூச்சு. தொடக்கத்தில் வந்த இயந்திரங்களில் அலுமினிய உருளைகளின் உட்புறத்தே நிக்கலும் சிலிக்கன் காபைட்டும் கொண்ட மெல்லிய பூச்சு இருந்தது. 'நிக்கசில்' என்பது அதன் பெயர். அக்காலப் பெற்றோலில் இருந்த கந்தகம் அப்பூச்சை அரிக்க, உருளைகள் அமுக்கத்தை இழந்தன. குளிர்ந்த காலையில் கார் உயிர்பெறாது. 2000 ஆம் ஆண்டளவில் உருக்கு உட்குழாய்கள் வந்தன. அதே ஆண்டில் ஐரோப்பாவிற் பெற்றோலின் கந்தகமும் பத்து இலட்சத்தில் 150 பங்கு என்னும் எல்லைக்குள் அடக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டுக் கார் இக்கண்டத்துக்குத் தப்பியது.

மற்றொன்றுக்குத் தப்பவில்லை. வால்வுகளை உரிய கணத்திலே திறந்து மூடச் செய்யும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் சிறிய உறுப்பு பிளாஸ்ரிக்கினாற் செய்யப்பட்டிருந்தது. வெப்பத்தில் அது காலப்போக்கில் வெடிக்கும். வெடித்தாற் சங்கிலி தளர்ந்து பல் தாண்டும், வால்வும் பிஸ்ரனும் ஒன்றோடொன்று மோதும், இயந்திரம் பாழ். உள்ளங்கையில் அடங்கும் துண்டு அது. கிழவர் தாம் வாங்கிய மாதத்திலேயே, அது வெடிக்குமுன், உலோகத்தாலான புதியதை இடுவித்திருந்தார். கியர்ப்பெட்டி எண்ணெயை ஆயுட்காலத்துக்கும் மாற்ற வேண்டியதில்லை என்பது அதனைச் செய்தோர் வாக்கு. எவருடைய ஆயுள் என்று அவர்கள் குறிக்கவில்லை. கிழவர் அதனையும் இரு முறை மாற்றியிருந்தார்.

கூரையின் கதை தனி. பின்புறப் பெட்டியில் உள்ள பம்பி, பச்சை நிற எண்ணெயைக் குழாய்வழி தள்ளிக் கூரையை மடக்கும். அக்குழாய்களில் ஒன்று முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலுள்ள பூட்டுவரை செல்கின்றது. பழைய குழாய் அமுக்கம் தாங்காது வெடித்தால், எண்ணெய் நேரே சாரதியின் தலையில் அபிஷேகமாகும். இக்கார் வைத்திருப்போர் அதனைப் 'பச்சை மழை' என்பராம். கூரை நிலையாக உள்ள கூப்பேயில் இத்தொல்லை அறவே இல்லை. இவற்றோடு, குளிர்காலத்தில் வீதியில் தூவும் உப்பினால் முன்பக்க அடித்தட்டில் ஏறும் துரு. அதனைக் குனிந்து பார்த்தாலன்றிக் காண முடியாது. நாம் குனிந்து பார்த்தோம். இதிலே துரு இல்லை.

மருமகன் தொழிலுக்கு ஏற்றவாறு, கோப்பிலிருந்த பற்றுச்சீட்டுக்களைக் கைப்பேசியிற் கூட்டத் தொடங்கினான். கூட்டி முடிந்தபோது அவன் முகம் மாறிற்று. கார் வாங்கிய விலையிலும் அதனைப் பேணிய செலவு மிகுந்திருந்தது. கிழவரிடம் தொகையைக் காட்டினான். "நான் ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் என் மனைவிக்குத் தெரிந்திருக்கும்" என்றார். பிறகு சொன்னார்: "இந்தக் கார் என்னை ஒரு நாளும் நடுவழியில் விட்டதில்லை. ஆனால் ஒரு வருடமாவது சும்மா விட்டதுமில்லை."

எமக்கு அப்போதுதான் அந்த 'மலிவு' விளங்கிற்று. கைமாறுந்தோறும் விழுவது காரின் விலை மட்டுமே. உதிரிப்பாகத்தின் விலையும் மெக்கானிக்கின் கூலியும், அது புதிதாய் விற்ற நாளிற் போலவே, பெருஞ்செல்வன் ஒருவனுடைய காருக்கு உரியனவாய் நிற்கின்றன. மருமகனிடம் இருந்தது காரின் விலை. கிழவரிடம் அக்கோப்பு இருந்தது.

எட்டு உருளை இயந்திரம் ஓசையின்றி உயிர்பெற்றது. கூரையை மடக்கிக்கொண்டு, இங்கிலாந்தின் நடுவிடம் என்று வழங்கப்படும் மெரிடன் கிராமம் வரை கிழவரே ஓட்டினார். பின்னாசனம் என்பது பெயரளவில்தான். முழங்காலை மோவாயோடு சேர்த்துக்கொண்டு நாம் அங்கே மடங்கிக் கிடந்தோம். ஆயினும், வேலியோரத்து மரங்கள் தளிர்விட்டிருந்த அந்தச் சிறு வீதியில், தலைக்குமேல் வானம் ஓடிக்கொண்டிருந்ததை மறக்க இயலாது. இதற்காக ஒருவன் பணத்தை இறைப்பானாயின் அவனை முற்றாகக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. திரும்பும் வழியில் தூறிற்று. காரை ஓரமாக நிறுத்திக் கிழவர் ஒரு பொத்தானை அழுத்தினார். கூரை தானாக எழுந்து வந்து மூடிற்று. நாம் மட்டும் தலையில் ஒரு கையை வைத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் கிழவர் மருமகனைக் கேட்டது ஒரே கேள்வி: "இதனை இரவில் எங்கே வைப்பீர்?"

மருமகன் இருப்பது மூன்றாம் மாடியில் வாடகை அறை. கார் தெருவோரத்திலேதான் நிற்க வேண்டும். துணிக்கூரை மழையிலும் பனியிலும் கிடந்தால் ஈரம் உள்ளே இறங்கும். ஈரம் கம்பளத்தில் ஊறும். மின்னிணைப்புக்கள் ஒவ்வொன்றாய்ப் பழுதாகும். கிழவர் இதனை மெல்லச் சொன்னார். "உமக்கு விற்க மாட்டேன் என்று சொல்லவில்லை. கராச்சு ஒன்று கிடைத்தபின் வாரும்" என்றார். விற்க நிற்பவர் ஒருவர் இப்படிச் சொல்லியதை நாம் வேறெங்கும் கேட்டதில்லை.

புகையிரதத்துக்குக் காத்திருக்கையில் மருமகன், "மாமா, அப்பாவுடைய ஏ40 எப்படி ஓடினது?" என்று கேட்டான். அவன் பிறப்பதற்கு முன்னரே தொடங்கிய கதை அது. 1990 களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, அத்தான் தம் ஒஸ்ரின் ஏ40 ஐ மண்ணெண்ணெயில் ஓட்டினார். சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். புகையும் நாற்றமும் ஒழுங்கை முழுதும் நிரம்பும். அக்காரும் பேர்மிங்ஹாமை அடுத்த லோங்பிறிட்ஜிற் செய்யப்பட்டதே. 1,200 சி.சி. இயந்திரம், திறந்தால் உள்ளே நிலம் தெரியும். நாலு சாவியும் ஒரு திருகாணிச் செலுத்தியும் கொண்டு அத்தான் அதனைத் தாமே பிரித்துப் பூட்டுவார். அழகு என்று அதனை எவரும் சொன்னதில்லை. எத்தனை நோயாளரை அது ஆஸ்பத்திரிக்குச் சுமந்தது என்பதை அக்கா இன்னும் சொல்லுவாள்.

மருமகன் கேட்டுக்கொண்டிருந்தான். இரவு அக்கா தொலைபேசியில் அழைத்து, "வாங்கினவனோ?" என்று கேட்டபோது, "இல்லை அக்கா" என்று நாம் சொன்னதில் பொய்யில்லை. ஆயினும் புகையிரதத்தில் நடந்ததை நாம் சொல்லவில்லை. மூன்று வயது கடந்த கார்களிற் பெரும்பாலானவை அந்நாட்டில் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்னும் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். பதிவு இலக்கத்தை இட்டால், 2005 ஆம் ஆண்டிலிருந்து அக்கார் தேறியதா, எதில் தவறியது என்ற சரித்திரத்தை அரசாங்கமே இலவசமாகக் காட்டும். வண்டி புறப்பட்டதும் மருமகன் கைப்பேசியை எடுத்து வேறோர் இலக்கத்தை அதில் இட்டான்.

"மாமா, இது கூப்பே. கூரை மடங்காது" என்றான்.