நூறில் ஒரு பங்கு

ஒரு வினாடியை நூறு பங்காக்கி, அவற்றுள் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் அது கண்ணிமைக்கும் பொழுதினும் சிறியது. அந்தச் சிறு பொழுதைக் குறைக்க ஒரு நாடு முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தது என்றால் வியப்பாகத்தான் இருக்கும். அந்நாடு சிங்கப்பூர்.

1968இல் மெக்சிகோ நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் கனகசபை குணாளன் என்ற தமிழர் நூறு மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். 2001இல் யூ. கே. ஷியாம் 10.37 வினாடியில் ஓடிய பிறகே அந்தச் சாதனை கைமாறியது. இடையிலே ஒரு தலைமுறையே வளர்ந்து முடிந்துவிட்டது.

சிங்கப்பூர் தனி நாடானது 1965இல். அப்போது அதன் பரப்பு அறுநூறு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. மக்கள்தொகை ஏறத்தாழ இருபது இலட்சம். மறு ஆண்டே பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் குணாளன் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மிகச் சிறு இடைவெளியில் அவரை முந்தித் தங்கம் வென்றவர் மலேசியாவின் மணி ஜெகதீசன். ஆசியக் கண்டத்தின் முதலிரு இடங்களிலும் அன்று நின்றவர்கள் தமிழ் மரபினர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

குணாளன் பிள்ளைப் பருவம் முதலே ஓட்டப் பயிற்சி பெற்றவர் அல்லர். அவர் கால்பந்தாட்டக்காரர். இருபது வயதைக் கடந்த பின்னரே, டான் எங் யூன் என்ற பயிற்சியாளரின் பார்வை அவருடைய கால்களின் மீது விழுந்தது. டான், 1956 ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். வேகத்தின் அருமை அறிந்தவர். அந்த ஒரு பார்வை இல்லையேல் 10.38 என்ற எண்ணும் இல்லை.

இதை நான் எண்ணிப் பார்க்கக் காரணம் உண்டு. எங்கள் குளத்தூர்க் கரிசல், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்; மழை பெய்தால் காலைப் பற்றிக்கொண்டு விடாது. அருகிலுள்ள கோவில்பட்டி ஹாக்கியால் பேர் பெற்ற ஊர். ஆனால் தனியாக ஓடும் பிள்ளையைக் கவனிப்பார் குறைவு. எங்கள் தெருவில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். பள்ளிப் போட்டிகளில் எல்லோரையும் பின்னே விட்டு ஓடுபவன். அவனைத் தீப்பெட்டி ஆலை வேலைக்கு அனுப்பிவிட எண்ணியிருந்தார் தந்தை.

“ஓடி என்னத்தக் கண்டான் அண்ணாச்சி? இந்த வருசத்தோட போதும்” என்றார்.

“குணாளனும் வாத்தியார் வேலைக்குப் படிச்சவர்தான், தம்பி. ஓட்டம் அவருக்குச் சோறு போடல்ல, படிப்புப் போட்டது. ஆனா படிப்புக்காக ஓட்டத்தை விடல்ல. இவன் ரெண்டையும் வச்சுக்கிடட்டுமே” என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. மறுக்கவும் இல்லை.

வறுமை கேட்கும் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பதக்கம் கிடைக்கும் என்று எவருக்கும் உறுதி கூறவும் இயலாது. குணாளனுக்கே ஆசியத் தங்கம் கிட்டவில்லை. ஆயினும் அவர் விட்டுச்சென்ற அளவு, பின்வந்தோர் எட்டிப் பிடிக்க வேண்டிய கோடாக நின்றது. அப்படி ஒரு கோடு எழவேண்டுமானால், ஓடுபவன் மட்டும் போதாது. கைக்கடிகாரத்தோடு கோட்டின் மறுமுனையில் காத்து நிற்கும் ஒருவரும் வேண்டும். கரிசல் மண்ணில் விரைந்த கால்கள் பல. அவற்றின் வேகத்தை அளக்கத்தான் ஆளில்லாது போயிற்று.