மருமகளின் குற்றங்கள்

2025ஆம் ஆண்டு யூலை மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு. இஷாத் தொழுகைக்குப் பிறகு என் தங்கையின் கணவர் வீட்டுக்கு வந்தார். வழமையாகப் படலையடியில் நின்றே கதைத்துவிட்டுப் போகிறவர், அன்று உள்ளே வந்து கதிரையில் அமர்ந்தார். கொடுத்த தேத்தண்ணீரையும் குடிக்கவில்லை.

"மச்சான், நீங்க படிச்ச மனிசன். நீங்கதான் கொழும்புக்குப் போய் புள்ளயக் கூட்டிட்டு வரணும்" என்றார்.

புள்ள என்றது அவருடைய மூத்த மகளை. எனக்கு மருமகள். வயது இருபத்திரண்டு. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் கணக்கு எழுதும் வேலை. வெள்ளவத்தையில் போடிங்கில் இருக்கிறாள். புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில் நிற்கும் எங்களூர்ப் பொடியன் ஒருவன், காலி முகத்திடலில் மாலை நேரத்தில் அவள் தனியே நின்று எதையோ தின்றுகொண்டிருந்ததைக் கண்டிருக்கிறான். 'தனியே நின்றாள்' என்று புறக்கோட்டையில் புறப்பட்ட செய்தி, ஊர் வந்து சேரும்போது 'தனியே நிற்கவில்லையாம்' என்று மாறியிருந்தது.

அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மருமகள் மாதாமாதம் அனுப்பும் முப்பதாயிரம் ரூபாயில்தான் அவளுடைய வீட்டின் சுவர் லிண்டல் மட்டம் வரைக்கும் எழும்பியிருந்தது. அவளைக் கூட்டி வந்துவிட்டால் அந்தச் சுவர் எப்படி மேலே போகும் என்று நான் மச்சானிடம் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரியாததல்ல. பெயர் போன பிறகு வீடிருந்து என்ன செய்வது என்பது அவருடைய கணக்கு.

வெள்ளி இரவு பஸ் ஏறினேன். விடியுமுன் புறக்கோட்டையில் இறங்கி, ஸுபஹ் தொழுது, ஒரு பிளேன்ரி குடித்துவிட்டுப் பகல் வரை காத்திருந்தேன். சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. ஒரு மணிக்குக் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் வந்து நின்றாள். கறுப்பு அபாயா, சாம்பல் நிற முக்காடு, காலில் வெள்ளைச் சப்பாத்து. ஸலாம் சொன்ன கையோடு கேட்டாள்:

"என்னக் கூட்டிட்டுப் போகத்தானே வந்த நீங்க?"

நான் பேசவில்லை. பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய வாத்திமாருக்குக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

"கூப்பிட்டா வாறன் மாமா. நீங்க செல்லி நான் மாட்டன் எண்டு செல்லமாட்டன். ஆனா அதுக்கு முதல் நான் செய்ற குற்றம் எல்லாத்தையும் உங்களுக்குக் காட்டுறன். பாத்துப்போட்டு நீங்களே செல்லுங்க."

அவள் காட்டிய முதலாவது குற்றம் கொள்ளுப்பிட்டி ரெயில் நிலையம். மேடையில் நின்றால் தண்டவாளத்துக்கு அப்பால் கடல்தான். வெள்ளவத்தை அங்கிருந்து இரண்டாவது தரிப்பு. வேலை முடிந்து வருகிறவள், வருகிற ரெயிலில் ஏறிப் போகலாம். ஆனால் சில நாட்களில் அவள் ஒன்றைப் போக விடுவாளாம். சனம் அதிகம் என்று தனக்குத்தானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு, வாங்கில் இருந்து அடுத்தது வரும்வரை கடலைப் பார்ப்பாளாம். போடிங்கில் கேட்டால் 'ரெயில் லேட்' என்பாளாம்.

"பொய்தானே மாமா?" என்றாள்.

ரெயிலில் வெள்ளவத்தைக்குப் போனோம். அவளுக்கு யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. எனக்குத் தருவாள் என்று நினைத்தேன், தரவில்லை. அதுவும் குற்றப் பட்டியலில் உள்ளதுதான் என்று பிறகு சொன்னாள். "யன்னல் கிடைச்சா நான் ஆருக்கும் எழும்பிக் குடுக்கிறல்ல. வயசாளிகளுக்கும் புள்ளத்தாச்சிகளுக்கும் மட்டும்தான்."

போடிங் வீட்டில் ஆண்களை உள்ளே விடுவதில்லை. கேற்றடியில் நின்றேன். வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணப் பக்கத்தவர். "நீங்கள்தான் மாமாவோ? பிள்ளை உங்களைப் பற்றிக் கதைக்கிறவள்" என்று கதிரை எடுத்துப் போட்டார். அவர் சொல்லித்தான் ஒன்று தெரிந்தது. அறையில் மருமகளோடு இருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் ஹட்டன் பிள்ளையும் நோன்பு மாதத்தில் பாங்கு கேட்கும்வரை மாலைத் தேநீரைக் குடிக்காமல் இவளோடு காத்திருப்பார்களாம். இந்த அறை கிடைப்பதற்கு முன், 2023இல் அவள் கொழும்புக்கு வந்த புதிதில், வேறொரு வீட்டில் முக்காட்டைக் கண்டதும் 'அறை முடிந்துவிட்டது' என்று சொல்லிக் கதவை மூடியிருக்கிறார்கள். 2019 ஏப்ரலின் நிழல் அவ்வளவு நீளம். அதை அவள் எங்களில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

வெள்ளவத்தை வீதியில் நடந்தபடியே மற்றக் குற்றங்களைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஸுபஹ் தொழுதுவிட்டு மறுபடி படுத்து ஒன்பது மணிவரை தூங்குவது. அன்று காலையில் ஒன்றும் சமைக்காமல் பாணும் வாழைப்பழமும் தின்பது. தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுத்த நாவலைப் படுத்தபடியே வாசிப்பது. கடலைச் சுருளை நடந்துகொண்டே தின்பது. கந்தோரில் கடதாசிப் பெட்டிகள் அடுக்கிய அறைக்குள் ளுஹர் தொழுவது.

"அதென்ன குற்றம்?" என்றேன்.

"ஊட்டில தொழுறதவிட அங்க மனசு நிக்கிது மாமா. அதச் செல்லப் பயமா இரிக்கி."

பிறகு தன் சப்பாத்தைக் காட்டினாள். கடலோர மரைன் டிரைவ் வீதியில் மாலையில் நடப்பதற்கென்று வாங்கியது. நாலாயிரத்து ஐந்நூறு ரூபா. அந்த மாதம் கந்தோரில் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள் என்று வாப்பாவுக்குச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பும் காசில் அவ்வளவையும் குறைத்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு எத்தனை கல் வரும் என்று என் மனம் கணக்குப் பார்த்ததை நான் மறைக்க விரும்பவில்லை.

ஐந்து மணிபோல் காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸில் காலி முகத்துக்குத் திரும்பினோம். பஸ்ஸில் நெருக்கம். முக்காட்டின் ஓரத்திலிருந்து ஓர் ஊசியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். முக்காடு நழுவுமே என்றேன். "இது முக்காட்டுக்கு இல்ல மாமா" என்றாள். அந்த நகரத்தில் அவளுக்கு எல்லாம் இன்பம்தான் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

காலி முகத்திடல் எனக்குப் புதிய இடமல்ல. பாடசாலைச் சுற்றுலாவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். பிள்ளைகள் கடலைப் பார்ப்பார்கள். நான் தலைகளை எண்ணுவேன். 2022இல் நாடே திரண்டு வந்து நின்றபோது அதே திடலைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஆனால் மருமகள் காட்டிய அந்தக் கல்லை நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

ஆங்கிலத்தில் செதுக்கிய பழைய கல். சேர் ஹென்றி வார்ட் என்ற தேசாதிபதி 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது. கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலன் கருதி இதைத் தனக்குப் பின்வருவோரிடம் ஒப்படைக்கிறார் என்பது அதன் கருத்து. அன்று அவர் மனதில் இருந்தது குதிரை வண்டியில் வந்திறங்கும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளாக இருக்கலாம். ஆனால் கல்லில் அப்படி எழுதவில்லை. பெண்கள் என்றுதான் எழுதியிருக்கிறது.

"நான் நிண்டது எனக்கெண்டு கட்டின இடத்தில மாமா" என்று சிரித்தாள்.

ஊருக்குச் செய்தியாய் வந்த அந்தத் தீனியையும் வாங்கித் தந்தாள். இறால் வடை. பருப்பு வடையின் மேல் முழு இறால்களைப் பதித்துப் பொரித்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுத் தருகிறார்கள். உறைப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது. யூலை மாதத்தில் கொழும்புக் கடல் மூர்க்கமானது. அலை மதிலில் அடித்து எங்கள் மேல் தூறியது. பட்டம் விடும் பிள்ளைகள், குடைக்குள் இருக்கும் சோடிகள், தொப்பி போட்ட ஹாஜியார்மார், பிக்குமார். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை.

"இதுதான் மாமா பெரிய குற்றம்" என்றாள். "இங்க நிண்டா ஆரும் என்னப் பாத்து, ஆருட மகள் எண்டு கேக்கிறல்ல. அரை மணித்தியாலம் நான் ஆருட மகளும் இல்ல. அது எனக்கு நல்லா இரிக்கி."

எனக்கு அந்த இடத்தில் என் சொந்தக் கணக்கு ஞாபகம் வந்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் விடுதியில் இருந்து படித்தேன். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். சில வெள்ளிக்கிழமைகளில் 'கற்பித்தல் பயிற்சி இருக்கிறது' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகாமல், கூட்டாளிமாரோடு அக்கரைப்பற்றுக்குக் கொத்துரொட்டி தின்னப் போவேன். கடற்கரை மணலில் மல்லாந்து கிடந்து இராவாகும்வரை கவிதை கதைப்போம். அதைக் கண்டு எவரும் ஊருக்குச் செய்தி அனுப்பவில்லை. என்னைக் கூட்டிவர எந்த மாமாவையும் பஸ் ஏற்றவும் இல்லை. எனக்கு அது குற்றம் என்று தோன்றியதுகூட இல்லை. பயிற்சிக் காலம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அதைவிடப் பெரியது ஒன்றும் இருக்கிறது. 2001இல் என் தங்கைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. எங்கள் தெருவில் முதற் பெண் அவள். வாப்பாவுக்கு அனுப்பவும் மனமில்லை, மறுக்கவும் மனமில்லை. புதிதாக நியமனம் கிடைத்த வாத்தியாரான என்னைக் கூப்பிட்டு, "நீ என்ன செல்றாய்?" என்று கேட்டார். "தூரம் வாப்பா. சண்டைக் காலம். ஆக்கள் என்ன செல்லுவாங்க?" என்றேன். அந்த வருடக் கடைசியிலேயே அவளுக்குக் கலியாணம் நடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பரிசளிப்பு விழாக்களில் பெண் கல்வி பற்றிப் பேசி வருகிறேன். சித்திலெவ்வையை இழுக்காமல் ஒரு பேச்சையும் முடித்ததில்லை.

மருமகளை நான் கூட்டி வரவில்லை. அன்றிரவு தனியே பஸ் ஏறினேன்.

ஞாயிறு காலை தங்கை வீட்டுக்குப் போனபோது மச்சான் சந்தைக்குப் போயிருந்தார். தங்கை குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரெயில், யன்னல், ஊசி, சப்பாத்து, இறால் வடை. பிறகு, இருபத்து நான்கு வருடம் பிந்தி, வாப்பாவிடம் அன்று நான் சொன்னதையும் சொன்னேன்.

அவள் கையை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும் காக்கா. நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுட்டுத்தானே இருந்தன்" என்றாள்.

இத்தனை வருடமும் பெருநாளுக்குப் பெருநாள் எனக்கு முதற் தட்டில் வட்டிலப்பம் வெட்டி வைத்தவள் அவள்.

எங்களூரிலும் கடல் இருக்கிறது. நடந்தால் பத்து நிமிடம். பெருநாள் மாலையில் குடும்பத்தோடு போவதைத் தவிர, எங்கள் பெண்பிள்ளைகளுக்கு அது இல்லாத கடல். 2004 டிசம்பர் 26 அன்று இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வயல் பக்கம் ஓடியவள் என் தங்கை. அதற்குப் பிறகு பெருநாளுக்குக்கூட அவள் கடற்கரைக்குப் போனதில்லை.

சற்று நேரத்துக்குப் பிறகு கேட்டாள்.

"கடலுக்குக் கிட்டப் போயா நிக்கிறாள்?"

"ஓம். மதிலடியில."

"அல பெரிசா?"

"இந்த மாசம் பெரிசுதான். மேல தூறும்."

"அவளுக்குப் பயமில்லையாமா?"

"இல்லையாம்."

தேங்காய்ச் சிரட்டையை உதறி வைத்தாள். "அப்ப இரிக்கட்டும்" என்றாள்.

மச்சான் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பள்ளிவாசலில் கண்டால் ஸலாமோடு சரி. பிள்ளை காசு அனுப்புகிறாள். லிண்டலுக்கு மேலே மூன்று வரிக் கல் ஏறியிருக்கிறது. சப்பாத்து விடயம் எனக்கும் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். இதை எழுதியதால் இனி மச்சானுக்கும் தெரியவரும். அவர் சஞ்சிகை வாசிப்பவரல்ல, ஆனால் வாசித்தவர்கள் போய்ச் சொல்வார்கள். வரட்டும். வந்து கேட்டால், அந்த நாலாயிரத்து ஐந்நூறு ரூபாவையும் நான் தருகிறேன் என்று சொல்ல இருக்கிறேன். 2001இலிருந்து அந்த வீட்டுக்கு நான் கொடுக்க வேண்டிய கடனில் அது ஒரு சிறு பகுதிகூட இல்லை.