முதுகு காட்டும் வித்தை

சினிமாவில் ஹீரோ சுழன்று உதைத்து முடிக்கிற வரைக்கும் வில்லன் சமர்த்தாகக் காத்திருப்பான். நிஜத்தில் எவன் சார் காத்திருக்கிறான்?

ஆபீஸ் விட்டதும் டேக்வாண்டோ வகுப்புக்கு ஓடுகிற ஆசாமி நான். புதுசாகச் சேருகிற பையன்களுக்கு முதல் நாளே ஸ்பின்னிங் கிக் வேணும்! சுழலும்போது எதிராளிக்கு முதுகைக் காட்டுகிறோம். ஒரு கணம் அவன் கண்ணுக்கே தெரியமாட்டான். நிற்பதோ ஒற்றைக் காலில். அந்த நேரம் பார்த்து அவன் ஓர் அடி முன்னால் வந்துவிட்டால் உதைக்க இடமிருக்காது. லேசாகத் தள்ளினால் போதும், பொத்! 'முதல்ல தலையைத் திருப்புடா, தோளுக்கு மேல அவனைப் பாரு, அப்புறம் காலை எடு' என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவது இதற்குத்தான்.

ஆனால், பட்டால் இடிதான். இடுப்பு சுழன்ற வேகம் மொத்தமும் குதிகாலில் வந்து இறங்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தலைக்கு விட்ட சாதா உதைக்கு 3 புள்ளி, சுழன்று விட்டால் 5. ஆசை வராதா பின்னே?

2012 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த யு.எஃப்.சி. போட்டியில், எட்சன் பார்போசா மூன்றாவது ரவுண்டில் சுழன்று விட்ட உதையில் டெர்ரி எடிம் மரம் மாதிரி சாய்ந்தார். எல்லாரும் அதை மட்டும் ரீவைண்ட் பண்ணிப் பார்க்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தின ரவுண்டுகள்தான் பிடிக்கும். எடிமின் காலையே குறிவைத்து உதை, உதை, உதை! மனுஷனின் கவனம் கீழே போன பிறகுதான் குதிகால் மேலே போனது.

நேற்று ஒரு பொடியனிடம் இதைத்தான் விளக்கினேன். "அவன் உன் காலைப் பார்த்துப் பயப்படணும். அப்பதான் சுத்தணும்."

"இப்பவே சுத்துதுண்ணே" என்றான், தலையைப் பிடித்துக்கொண்டு.