திரும்பும் வழியும் வழியே

மலையும் கடலும் சூழ்ந்த பட்டினம் ஜூனோ. அலாஸ்கா மாநிலத்தின் தலைநகராயிருந்தும் வெளியூர்களிலிருந்து அங்கு செல்லத் தெருவில்லை. கடல்வழியாகச் செல்லல் வேண்டும். அன்றேல் வான்வழியாகச் செல்லல் வேண்டும். மலைகளை முகில் மூடிக்கிடப்பது அங்கு வழக்கம். செய்மதிகளின் துணைகொண்டு குறுகிய நீரிணையூடே விமானத்தைத் துல்லியமாக இறக்கும் முறை 1996ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கையாளப்பட்டதும் இங்கேதான்.

பனியாறுகளைக் காணும் ஆவலால், ஜூனோவிலிருந்து குஸ்டாவஸ் என்னும் சிற்றூருக்குச் சிறு விமானமொன்றிற் புறப்பட்டேன். விமானியின் பக்கத்து ஆசனம் எனக்குக் கிடைத்தது. பின்னால் ஒரு மூதாட்டி. புதிதாய்ப் பிறந்த பேரனை முதன்முறையாகக் காணச் செல்கின்றார்.

விமானியின் முன்னே கையகலத் திரையொன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கொண்டு இடத்தைக் கணிக்கும் ஜீ.பீ.எஸ். கருவி அது. ஐந்தெழுத்துப் பெயர்கொண்ட புள்ளிகளை ஒவ்வொன்றாக அதிற் பதித்தார். இறங்கும் முறையையும் தெரிந்தெடுத்து, அச்சிட்ட படத்தோடு திசைகளையும் தூரங்களையும் ஒப்புநோக்கினார்.

“கருவிக்குத் தெரிந்ததை மீண்டும் பார்ப்பானேன்?” என்று வினவினேன்.

“நான் பிழையாகச் சொன்னால், பிழையான இடத்துக்கும் இது பிசகாமற் கொண்டுபோகும், ஐயா” என்றார். உள்ளிருக்கும் விவரங்களை 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும் என்றும் கூறினார்.

சற்றுநேரத்தில் முகிலுக்குள் புகுந்தோம். வெளியே வெண்மை, உள்ளே திரையில் ஒரு செவ்வூதாக் கோடு. நடுவழியில் 2 கடல் மைல் விலகினாற்றான் ஓரத்தைத் தொடும் குறிமுள், இறங்குகையில் 0.3 கடல் மைல் விலகினாலே தொட்டுவிடுமாம். ஊர் நெருங்க நெருங்கக் கருவியும் கண்டிப்பாகிவிடுகின்றது!

குறித்த உயரம்வரை தாழ்ந்தோம். அதற்குக் கீழே, ஓடுபாதையைக் கண்ணாற் காணாமல் இறங்கலாகாது. முகில் ஒருகணம் விலகியது. கீழே கரிய கோடொன்று!

“அதோ, ஓடுபாதை!” என்றேன்.

விமானி விடை கூறவில்லை. அதுவரை புள்ளிக்குப் புள்ளி தானாக மாறிவந்த கருவி, கடைசிப் புள்ளியில் மட்டும் மாறாது நின்றது. இறங்குவதா, திரும்புவதா என்பதை அது தீர்மானிப்பதில்லை. விமானி வேகத்தைக் கூட்டி மேலெழுந்தார். பின்னரே ஒரு பொத்தானை அழுத்தினார். திரும்பும் வழி திரையில் விரிந்தது.

மூதாட்டி பெருமூச்செறிந்தார். எனக்கோ மனத்தாங்கல்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. அதே விமானி, அதே வழி. நான் கண்ட கரிய கோட்டை மீண்டும் கண்டேன். ஓங்கி வளர்ந்த ஊசியிலை மரங்களின் வரிசை அது! ஓடுபாதை அதற்கப்பால், வேறு திசையிற் கிடந்தது. நான் விமானியை நோக்கினேன், அவர் புன்னகைத்தார்.

இறங்கும் வழியை வரையும்போதே திரும்பும் வழியையும் சேர்த்து வரைந்துவைக்கின்றார்கள். மாணவர்க்கு முன்னேறும் வழியை மட்டுமே இதுவரை கற்பித்து வந்தேனே என எண்ணிக்கொண்டேன். விமானத் திடலின் ஓரத்தில், பேரனை மார்போடணைத்து நின்றார் மூதாட்டி.