மட்கார்டில் பேரன் வேண்டாம்

ஆதிச்சநல்லூர் என்றதும் முதுமக்கள் தாழிகள் கிடைத்த பரம்பு மேடு நினைவுக்கு வரும். சுற்றுவட்டாரத்தில் தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும். மலை கிடையாது. ஆனால் வயலிலிருந்து கரையேறும் சரிவே ஒரு மினி டிராக்டரைக் கவிழ்க்கப் போதும். வாழை வரிசைக்குள் நுழைய வசதியான அந்தக் குறுகிய உடல்தான் சரிவில் ஆபத்து.

காலிக் குடம் லேசாகத் தட்டினாலே உருளும். கொஞ்சம் தண்ணீர் இருந்தால் நிற்கும். பின்சக்கர டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவதும் அதே கணக்குதான். எடை கீழே தங்கும். பல வண்டிகளில் பின்சக்கரங்களைத் திருப்பி மாட்டினால் இடைவெளி அகலும்.

சரிவில் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி இறங்குவது நல்லது. டிரெய்லரைத் தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு, பேரனை மட்கார்டில் உட்கார வைக்கும் தாத்தாக்கள் உண்டு. பாதுகாப்பு வளைவும் சீட் பெல்ட்டும் இருந்தாலும் அவை ஓட்டுபவருக்குத்தான். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

“எய்யா, எறங்கி நடந்து வா” என்றால் பேரன் கோபிப்பான். கோபிக்கட்டும், வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவான்.