லேட், ஸ்லோ என்று நான் எழுதியவை

நீலகிரி மாவட்டம் ஓவேலியில் ஒரு தனியார் எஸ்டேட்டில் ஃபீல்டு ரைட்டராக இருந்தவன் நான். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவது என் வேலை. பேர் என்றால் ஒருநாள் சம்பளம். முழுப்பேர் விழுந்தால் முழுக்கூலி, அரைப்பேர் விழுந்தால் பாதி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்குப் பிந்தி வந்தவர்களுக்கு அரைப்பேர் போட்டேன். போட்டுவிட்டு, மாலை வரைக்கும் அவர்களிடம் வேலையும் வாங்கினேன்.

பேருக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் ஆங்கிலத்தில் ‘லேட்’ என்று எழுதுவேன். அடிக்கடி பிந்துகிறவர் என்றால் ‘ஹேபிச்சுவல் லேட்கமர்’. கொழுந்து எடை குறைந்தால் ‘ஸ்லோ’. மேனேஜர் கண்ணில் படவேண்டும் என்று ‘லேகர்டு’, ‘ஸ்லக்கிஷ்’ என அகராதியில் பொறுக்கிய சொற்களையும் போட்டிருக்கிறேன். உண்மையான காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

ஆக்டர்லோனி என்ற வெள்ளைக்காரரின் பெயர் சுருங்கித்தான் ஓவேலி ஆயிற்று. அவர் காலத்துக் காப்பியும் பின்னால் வந்த தேயிலையும் சோலைக்காட்டோடு பின்னிக் கிடக்கின்றன. காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே வேலி என்று ஒன்றும் கிடையாது. இரவில் லயன் வீடுகள் பக்கம் வந்த ஆனை விடிந்தும் பாதையை விட்டு நகராது. 2025 செப்டம்பரில், ராதாகிருஷ்ணன் என்று பெயர் சொல்லி மக்கள் பயந்த கொம்பனை வனத்துறை கும்கிகளைக் கொண்டு பிடித்துப் போனது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே இங்கே பெண்கள் வேலைக்குக் கிளம்பும்முன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வாசலைப் பார்த்துவிட்டுத்தான் காலை வெளியே வைப்பார்கள்.

“ரைட்டரய்யா, வளைவுல ஆனை நின்னுச்சுங்க. அது எறங்குனப்புறந்தான் வந்தோம்” என்பார்கள். எனக்கும் அந்தப் பிளிறல் கேட்டிருக்கும். ஆனாலும் கட்டத்தில் ‘ஆனை’ என்று எழுதமாட்டேன். எழுதினால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார். அரைப்பேர் சரிதானா என்ற கேள்வி வரும். ‘லேட்’ என்று எழுதினால் கேள்வியே வராது. பிந்தியது அவர்களுடைய குணம் என்று ஆகிவிடும். தமிழில் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும்போது அவர்களே படித்திருப்பார்கள், சண்டைக்கு வந்திருப்பார்கள். அதற்குப் பயந்துதான் நான் ஆங்கிலத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

‘ஸ்லோ’ என்று நான் அதிகம் எழுதியது ஒரு அக்காவைப் பற்றி. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். பதுளைப் பக்கம் தாயிடம் கொழுந்து எடுக்கப் பழகியவர். அவர் எடுப்பதை நின்று பார்த்திருக்கிறேன். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளி எடுப்பார். முற்றல் இலை கையில் வந்தால் பிரித்துக் கீழே போட்டுவிடுவார். மழைக்காலத்தில் தேயிலைக் கறை ஏறிய விரல் நுனிகள் வெடித்துப் பிளந்திருக்கும். பக்கத்து நிரையில் கத்திரி போட்டு முற்றலும் குச்சியுமாக வாரியவர்களுக்கு மதியத்துக்குள் சாக்கு நிறைந்துவிடும். தராசுக்கு எடைதான் தெரியும். நல்ல இலை வரவில்லை என்று ஃபேக்டரியில் என்னைத் திட்டும்போது, ஒழுங்காகப் பறித்த ஒரே ஆளுக்கு நான்தான் ‘ஸ்லோ’ போட்டவன் என்பது எனக்கு நினைவிருக்கும். வாய் திறந்ததில்லை. ஃபீல்டு ஆபீசர் ஆகவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அப்போது நடப்பில் இருந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம் 1936-ஆம் ஆண்டுடையது. அதன் 9-வது பிரிவின்படி, வேலைக்கு வராத நேரம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் கூலியில் பிடிக்கலாம். அரைமணி பிந்தினால் அரைமணிக் கூலி, அவ்வளவே. மிச்சப்பொழுது முழுக்க உழைத்தவருக்குப் பாதிக்கூலி கொடுக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. பதவி உயர்வுக்காகப் படித்தபோதே இதை நான் படித்துவிட்டேன். படித்த பிறகும் அரைப்பேர் போட்டேன். அந்தப் பணம் என் பைக்கு வரவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யார் பைக்குப் போனால் என்ன? அவர்கள் கையிலிருந்து போனது என் பேனாவால்.

வேலையை விட்ட பிறகு அந்த அக்காவைத் தேடிப்போய்ச் சொன்னேன். செக்ரோலில் என்னென்ன எழுதியிருந்தேன், சட்டம் என்ன சொன்னது, எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே இருந்தவர் பிந்தியதைப் பற்றியோ ஆங்கிலத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

“அரைநாள் காசு பிடிக்கக் கூடாதுன்னு அப்பவே தெரியுமா ஐயா?”

“தெரியும் அக்கா.”

“எங்க சின்னவ பரீட்சைப் பணம் கட்ட முடியாம நின்னது, எனக்கு அரைப்பேர் விழுந்த அந்த வருசந்தான்” என்றார்.