எழுதுமேசைக்கு உரியவர் யார்?

ஒரு பொருளுக்கு உரியவர் யார் என வினவினால், விலை கொடுத்துப் பெற்றவரே என விடை கூறுவது உலக வழக்கு. வழக்காடு மன்றத்திற்கு அவ்விடை போதும். நம் மனத்திற்கும் அது போதுமா? பிரான்சு நாட்டு வெர்சாய் அரண்மனையிலுள்ள ஓர் எழுதுமேசையின் வரலாற்றைப் பயிலும்போதெல்லாம் இவ்வினா நம்மைத் தொடர்கிறது.

பதினைந்தாம் லூயி மன்னருக்காக 1760-இல் தொடங்கப்பெற்ற அம்மேசை, 1769-இல்தான் அரண்மனையை வந்தடைந்தது. ஒரு மேசைக்கு ஒன்பது ஆண்டுகள்! பல நிற மரங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து, மலராகவும் இலையாகவும் நறுக்கி, இடைவெளி தோன்றாதபடி பொருத்தி ஒட்டுவது மார்க்கெட்டரி எனும் மரப்பதிப்புக் கலை. இதழொன்றுக்கு நிழல் வேண்டுமெனில், அத்துண்டின் ஓரத்தைச் சுடுமணலில் அமிழ்த்தி இலேசாகக் கருகச் செய்வர். சற்றே தாமதித்தால் மலர் கரியாகிவிடும். அத்தகைய பொறுமையால் விளைந்த மலர்க்கொத்துகளே அம்மேசையை அணி செய்கின்றன.

மன்னருக்கோ அழகைவிட மறைவு இன்றியமையாததாயிற்று. தம் அமைச்சர்களும் அறியாவண்ணம் அயல்நாடுகளிலிருந்த தம் ஆட்களோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர் அவர். சாவியைக் கால் சுற்றுத் திருப்பினால் உருளை வடிவ மூடியும் இழுப்பறைகளும் ஒருங்கே பூட்டிக்கொள்ளும். மை நிரப்ப வரும் பணியாளர் ஏடுகளைக் காணாதிருக்க, மைக்கூடுகளுக்கெனப் பக்கவாட்டில் தனி அறைகளும் உண்டு. இத்துணைக் காவல் செய்தும், 1774-இல் பெரியம்மை வந்து மன்னரை அழைத்துச் சென்றது. சாவி அவர் பெயரன் கைக்கு மாறியது. அப்பெயரனும் 1793 சனவரியில் கொலைக்கருவிக்கு இரையானார்.

இனி, செய்தவர்களின் கதை. பணியைத் தொடங்கியவர் ழான் பிரான்சுவா ஓபென் என்னும் தச்சுக் கலைஞர். செருமானிய மண்ணிலிருந்து பாரிசுக்கு வந்தவர். மேசை முற்றுப்பெறும் முன்னரே, 1763-இல், கடன் சுமையோடு கண்மூடினார். அவரது பட்டறையில் பணியாற்றிய ழான் ஹென்றி ரீசனர் பொறுப்பேற்றார், ஓபெனின் கைம்பெண்ணை மணந்தார், மேசையையும் முடித்தார். மரத்திலேயே தம் பெயரையும் ஆண்டையும் பதித்தார். தொடங்கியவரின் பெயர் அதில் இல்லை. பிறர் இட்ட அடித்தளத்தின்மீது நின்று நம் பெயரை எழுதிக்கொள்ளும் நமக்கு இச்செய்தி ஒரு கண்ணாடி.

பெயர் பதித்தவருக்கும் வாழ்வு எளிதாய் அமையவில்லை. 1793 ஆகத்து முதல் ஓராண்டுக் காலம் வெர்சாயின் அறைகலன்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. தாம் செய்தவற்றுள் சிலவற்றை ரீசனரே மீண்டும் விலை கொடுத்து வாங்கினார். மக்களின் சுவை மாறிவிட்டது, வாங்குவார் இல்லை. 1794-இல் புரட்சி அரசு அவரையே அழைத்தது. எதற்கு? தாம் செய்த அறைகலன்களிலிருந்து அரச முத்திரைகளைத் தாமே அகற்றுதற்கு! மன்னரின் மேசையிலும் அரச சின்னங்கள் நீக்கப்பட்டு, வேறு அணிகள் அமைந்தன. தன் படைப்பின்மீது தானே உளி வைக்க நேரும் நெஞ்சின் துயரை எந்த ஏட்டில் எழுதுவது? 1806-இல் அவர் வறுமையில் மறைந்தார்.

மேசை மட்டும் நிலைத்தது. லூவர் அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் இருந்தபின், வெர்சாயில் முன்பு நின்ற அறைக்கே திரும்பிவிட்டது.

இப்போது மீண்டும் வினவுவோம்: அம்மேசைக்கு உரியவர் யார்? பூட்டியவர் சென்றார், சாவி பெற்றவரும் சென்றார், இழுப்பறைகளில் காப்பதற்கு ஒரு மறையும் எஞ்சவில்லை. எஞ்சியது, சுடுமணலில் பக்குவமாய்க் கருகிய அந்த இதழின் ஓரமே. உடைமை என நாம் சொல்லிக்கொள்வது சிறிது காலக் காவல். உழைப்பாக நாம் கொடுத்ததோ பொருளோடு ஒன்றிவிடுகிறது. ஓபெனின் பெயர் மரத்தில் இல்லையாயினும், அவரது எண்ணம் அதன் ஒவ்வொரு மூட்டிலும் உள்ளது. நம் கைகள் தொட்ட பணிகளுள் எவற்றில் நம் பெயர் இராதோ, அவற்றையும் அதே பொறுமையோடு செய்வோமா? நம் உழைப்பின் தரத்தை அறிய இவ்வொரு வினா போதும்.